செரிஃப் அலங்காரம் அல்ல, முனைக்கோடு

‘பொடோனி ஓர் அலங்கார எழுத்துரு’ என்று மறுபடியும் ஓரிடத்தில் படித்தேன். அச்செழுத்துத் துறையில் ‘செரிஃப்’ என்கிற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அலங்காரம் என்று எந்தப் புண்ணியவான் முதலில் எழுதிவைத்தாரோ, ஆளாளுக்கு அதையே படியெடுக்கிறார்கள்.

எழுத்தின் கோடு முடியும் இடத்தில் குறுக்கே வரும் சின்னக் கோடுதான் செரிஃப். ரோமானியர் கல்லில் வெட்டிய எழுத்துகளிலேயே அது உண்டு. டச்சு மொழியில் கோட்டைக் குறிக்கும் ‘ஸ்க்ரேஃப்’ என்பதிலிருந்து இந்தச் சொல் வந்திருக்கலாம் என்கிறார்கள், உறுதியில்லை. சரி, அது போகட்டும்.

அலங்காரம் என்று சொல்லப் பொடோனியைப் போய்ப் பிடித்தார்களே, அதுதான் வேடிக்கை. ஜாம்பத்திஸ்தா பொடோனி 1768இல் இத்தாலியின் பார்மா நகருக்கு வந்து கோமகனின் அச்சகத்தை ஏற்றவர். தொடக்கத்தில் பூவும் கொடியுமாகப் பக்கங்களை நிரப்பியவர்தான், ஆனால் போகப் போக அதையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் எழுத்து, நல்ல தாள், அகலமான ஓரம் போதும் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அவர் பெயரால் நாம் அறியும் எழுத்தும் அப்படித்தான்: நிமிர்ந்த கோடு தடிப்பு, குறுக்குக் கோடு மயிரிழை, முனையில் வளைவே இல்லாமல் நேராக வெட்டிய மெல்லிய கோடு. பாரிசில் அச்சுத்தொழில் நடத்திய டீடோ குடும்பத்தார் செய்ததும் இதே சாயல்தான், வோக் இதழின் அட்டையில் பெரிதாக நிற்கும் பெயர் அந்த வகை. பெரிய அளவில் கம்பீரமாக இருக்கும் இது, சின்ன அளவில், அதுவும் மட்டமான தாளில், மெல்லிய கோடுகள் காணாமல் போய் வேலிக்குச்சி நட்டதுபோல் தடித்த கோடுகள் மட்டும் மிஞ்சும். அதனால்தான் தலைப்புக்கு விரும்பி எடுப்பவர்கள் நீண்ட கட்டுரைக்குத் தயங்குவார்கள்.

இதில் அலங்காரம் எங்கே இருக்கிறது? அப்படியே வைத்துக்கொண்டாலும், செரிஃப் இல்லாதது ‘அலங்காரமற்ற எழுத்து’ ஆகிவிடும். பிராட்வே என்ற எழுத்துருவைப் பாருங்கள், செரிஃப் கிடையாது, மினுக்கலோ கொஞ்சநஞ்சமில்லை. அதை எந்தப் பெட்டியில் போடுவது?

செரிஃபைக் ‘கால்’ என்கிறது இன்னொரு கூட்டம். ஜெர்மன்காரர்கள் ‘சின்னப் பாதம்’ என்று சொல்கிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் நமக்குக் கால் என்றால் ‘கா’வில் வரும் துணைக்கால். கொம்பு, சுழி எல்லாமும் ஏற்கெனவே வேலையில் இருக்கின்றன. போதாததற்கு, செரிஃப் தலையிலும் வரும். தலையில் கால் முளைத்த எழுத்தை யாருக்கு விளக்குவது?

செரிஃப் என்றே எழுதினாலும் எனக்குச் சண்டையில்லை. தமிழில்தான் வேண்டும் என்றால் ‘முனைக்கோடு’. எங்கே இருக்கிறது, என்னவாக இருக்கிறது, இரண்டையும் சொல்லிவிடுகிறது. ‘கீற்று’ அழகுதான், பொடோனிக்குப் பொருந்தும், ஆனால் ராக்வெல் மாதிரி கட்டையாக முடியும் எழுத்துக்குக் கீற்று என்றால் சிரிப்பார்கள். முனைக்கோடு தடித்ததாகவும் இருக்கலாம், மெல்லியதாகவும் இருக்கலாம். இல்லாதது முனைக்கோடிலா எழுத்து.

அப்புறம், பொடோனி மாதிரியான எழுத்துகளின் வகைக்கு ஆங்கிலத்தில் ‘மாடர்ன்’ என்று பெயர் இருப்பதால் அகராதியைப் புரட்டி ‘நவீன எழுத்துரு’ என்று போடுகிறார்கள். பொடோனி இறந்தது 1813இல். அவர் மனைவி மார்கெரீத்தா அவருடைய அச்சுக் கையேட்டை 1818இல் வெளியிட்டுவிட்டார். இருநூறு ஆண்டு தாண்டிய எழுத்தை நவீனம் என்று படிக்கும் மாணவர் என்ன நினைப்பார் என்று மொழிபெயர்த்தவர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ‘பொடோனி வகை’ என்றால் என்ன குறைந்துவிடும்?