12 வோல்ட் பேட்டரி, வரிசையாகப் பத்து எல்இடி: பூஸ்ட் கன்வெர்ட்டர் எங்கே மக்கர் செய்கிறது?

ஒரு வெள்ளை எல்இடி நன்றாக எரிய ஏறக்குறைய 3.2 வோல்ட் வேண்டும். உள்ளே இருப்பது நீல ஒளி தரும் சில்லு. 450 நானோமீட்டர் நீல ஒளியில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 2.75 எலக்ட்ரான் வோல்ட். அதனால்தான் சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதுமானதாக இருக்க, வெள்ளை மட்டும் 3 வோல்ட்டைத் தாண்டிக் கேட்கிறது. 1 வாட் எல்இடி பத்தை வரிசையாகக் கோத்தால் 32 வோல்ட் ஆகிவிடும். கையில் இருப்பதோ 12 வோல்ட் பேட்டரி. நடுவில் நின்று அந்த 12-ஐ 32 ஆக்கித் தருவது பூஸ்ட் கன்வெர்ட்டர்.

இது வேலை செய்யாவிட்டால் பலரும் முதலில் கட்டுப்பாட்டுச் சில்லான ஐசியை மாற்றுகிறார்கள், அப்புறம் அது ஆன்-ஆஃப் செய்யும் மின்னணுச் சுவிட்சான மாஸ்ஃபெட், அப்புறம் எல்இடி. எதையும் கழற்றுவதற்கு முன், மின்னோட்டம் எந்த நேரத்தில் எந்த வழியாகப் போகிறது என்று மனதில் ஓட்டிப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும் என்று உறுதியாக நம்புகிறேன். இந்தச் சர்க்யூட்டில் பார்க்க வேண்டிய நிலைகள் இரண்டுதான்.

மாஸ்ஃபெட் ஆன் ஆகும்போது, பேட்டரியின் மின்னோட்டம் காயில் வழியாக வந்து, மாஸ்ஃபெட் வழியாக நேரே கிரவுண்டுக்குப் போகிறது. காயிலில் காந்தப்புலம் வளர்கிறது, மின்னோட்டம் சீராக ஏறுகிறது. அந்த நேரத்தில் எல்இடிகளை எரிய வைப்பது வெளியீட்டில் உள்ள கெபாசிட்டர். மாஸ்ஃபெட் ஆஃப் ஆனதும், காயில் தன் மின்னோட்டம் சட்டென்று நிற்க விடாது. தேவையான வோல்ட்டைத் தானே எழுப்பி, ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு வழியாக அதைத் தள்ளிவிடும். பேட்டரியின் 12 வோல்ட்டோடு காயில் எழுப்பும் 20 வோல்ட்டும் சேர்ந்து 32. வெப்பக்காற்றுப் பலூனைப் பறக்கவிட்ட சகோதரர்களில் ஒருவரான ஜோசப் மிஷெல் மோன்கோல்ஃபியே 1796-இல் பிரான்சில் உருவாக்கிய ஹைட்ராலிக் ராம் இதையே தண்ணீரில் செய்கிறது. குழாயில் வேகமாக ஓடும் நீரை வால்வு பட்டென்று அடைக்கும். அந்த உந்தலில் நீரின் ஒரு பங்கு, அது புறப்பட்ட இடத்தைவிட உயரமான தொட்டிக்கு ஏறிவிடும்.

எல்இடிக்கு 350 மில்லியாம்ப் என்று வைத்தால் வெளியே போகும் திறன் 11.2 வாட். செயல்திறன் 90 சதவீதம் என்றால் பேட்டரி தர வேண்டியது சராசரியாக 1.04 ஆம்பியர். மாஸ்ஃபெட் ஒவ்வொரு சுழற்சியிலும் 62.5 சதவீத நேரம் ஆனில் இருக்கும். 100 கிலோஹெர்ட்ஸில் அது 6.25 மைக்ரோசெகண்ட். காயில் 100 மைக்ரோஹென்றி என்றால், அதற்குள் மின்னோட்டம் 0.75 ஆம்பியர் ஏறும். சராசரிக்கு மேலே அதில் பாதி, கீழே பாதி. ஆக, உச்சத்தில் 1.4 ஆம்பியர். எல்இடியில் ஓடுவதைப் போல நான்கு மடங்கு! வெளியீட்டின் 350 மில்லியாம்பை மட்டும் பார்த்துப் பாகங்களை வாங்குவதால்தான் இத்தனை சர்க்யூட்கள் கருகுகின்றன.

சரி, எல்இடி எரியவில்லை. மல்டிமீட்டரை வெளியீட்டுக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் வையுங்கள். இந்த ஒரே அளவு நிறையச் சொல்லிவிடும். 11.6 வோல்ட் போலக் காட்டினால், பேட்டரியிலிருந்து காயில், டையோடு வழியாகப் பாதை திறந்திருக்கிறது, ஆனால் மாஸ்ஃபெட் ஆன்-ஆஃப் ஆகவே இல்லை. ஐசிக்கு சப்ளை வருகிறதா, மாஸ்ஃபெட்டை ஆன்-ஆஃப் செய்யும் கேட் முனைக்குப் பல்ஸ் போகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளீட்டில் 12 இருந்தும் வெளியீடு பூஜ்யம் என்றால் காயிலின் முனை அறுந்திருக்கும், அல்லது டையோடு திருப்பி மாட்டப்பட்டிருக்கும். உள்ளீட்டு வோல்ட்டே சரிந்து ஒயர் சுட்டால், மாஸ்ஃபெட் ஷார்ட். உடனே சப்ளையைத் துண்டியுங்கள்; காயில் வெறும் கம்பியாகி, பேட்டரியை கிரவுண்டோடு இணைத்துக்கொண்டிருக்கிறது. டிவி மெக்கானிக்குகள் சீரிஸ் பல்பு போடுவது இதற்காகத்தான். இங்கே காரின் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைப் பேட்டரியோடு வரிசையில் போட்டு முதல் சோதனையைச் செய்தால், ஷார்ட் இருந்தாலும் பல்பு எரியுமே தவிர எதுவும் புகையாது.

மீட்டர் 45, 50 என்று காட்டினால் கோளாறு ஃபீட்பேக்கில், அதாவது வெளியீட்டைப் பார்த்து ஐசிக்குச் சொல்லும் பாதையில். எல்இடியை வோல்ட் வைத்துக் கட்டுப்படுத்த முடியாது. சூடாகச் சூடாக அதன் வோல்ட் தேவை குறையும். அதே வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தால் மின்னோட்டம் ஏறும், இன்னும் சூடாகும். அதனால் எல்இடி வரிசையின் கடைசியில் ஒரு சிறிய ரெசிஸ்டரை வைத்து, அதில் விழும் வோல்ட்டை ஐசி கவனிக்கிறது. ஐசி ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் 1.25 வோல்ட் என்றால் 3.6 ஓம் ரெசிஸ்டர் ஏறக்குறைய 350 மில்லியாம்பில் நிறுத்தும். அந்த ரெசிஸ்டரில் மட்டும் 0.43 வாட் வெப்பம். கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். 1 வாட் போடுங்கள். இப்போது வரிசையில் ஏதோ ஓர் எல்இடியின் சால்டர் விட்டுப்போனால் ரெசிஸ்டரில் வோல்ட் பூஜ்யம். மின்னோட்டமே போகவில்லை என்று கண்ட ஐசி, முழு வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். முதலில் 35 வோல்ட் கெபாசிட்டர் உப்பும், பிறகு மாஸ்ஃபெட் போகும். மாற்றி மாற்றி மாஸ்ஃபெட் போட்டும் நிற்கவில்லை என்றால், எல்இடிகளின் அடியில் உள்ள சால்டரை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளியீட்டிலிருந்து ஐசியின் ஃபீட்பேக் பின்னுக்கு, 39 வோல்ட்டைத் தாண்டினால் மின்னோட்டத்தை விடும் ஜீனர் டையோடு ஒன்று, அந்தப் பின்னுக்கும் மேலே சொன்ன 3.6 ஓம் ரெசிஸ்டருக்கும் நடுவே 1 கிலோஓம்: இந்த இரண்டும் இருந்தால் வெளியீடு 40-ஐ ஒட்டி நின்றுவிடும். விலை மிகக் குறைவு. இது இல்லாத எல்இடி டிரைவரை முழுமையானதாக நான் கருதுவதில்லை.

எரிகிறது, ஆனால் ஏதோ ஒன்று கொதிக்கிறதா? டையோடாக 1என்4007 இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. ஒரு முழுச் சுழற்சியே 10 மைக்ரோசெகண்டில் முடியும் இங்கே, ஆஃப் ஆக அது எடுத்துக்கொள்ளும் நேரம் மிக நீளம். வெளியே தள்ளிய மின்னோட்டம் திரும்பி ஓடி வரும். வேகமாக ஆஃப் ஆகும் 60 வோல்ட் ஷாட்கி டையோடு போடுங்கள். கொதிப்பது மாஸ்ஃபெட் என்றால் கேட்டைப் பாருங்கள். ஐஆர்எஃப்இசட்44என் என்ற மாஸ்ஃபெட்டை அர்டுயினோ போர்டின் பின்னோடு நேராக இணைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேட்டை நிரப்ப 60 நானோகூலும் அளவுக்கு மின்னூட்டம் வேண்டும். 20 மில்லியாம்பில் அதற்கு 3 மைக்ரோசெகண்ட் பிடிக்கும். சுழற்சியில் பெரும்பங்கை அது பாதி திறந்த நிலையிலேயே கழிக்கும், அந்த நேரமெல்லாம் வெப்பம். போதாததற்கு 5 வோல்ட்டில் அது முழுதாகத் திறப்பதும் இல்லை. நடுவில் ஒரு கேட் டிரைவர் ஐசி, அதற்கு 10, 12 வோல்ட் சப்ளை என்று கொடுத்தால் இரண்டும் தீரும்.

காயில் தரும் தொல்லை இன்னொரு மாதிரி. காயில் சுற்றப்பட்டிருக்கும் கோர் ஓரளவு காந்தப்புலத்தைத்தான் தாங்கும். அதைத் தாண்டினால் (கோர் செறிந்துவிட்டது என்பார்கள்) மின்னோட்ட மாற்றத்தைத் தடுக்கும் இண்டக்டன்ஸ் சரிந்து, சீராக ஏறிவந்த மின்னோட்டம் செங்குத்தாகப் பாயும். ரெசிஸ்டர் போலத் தோன்றும் சின்ன 100 மைக்ரோஹென்றி காயில் சில நூறு மில்லியாம்பிலேயே இந்த நிலைக்கு வந்துவிடும். நமக்கு வேண்டியது 1.4 ஆம்பியர், கொஞ்சம் கூடுதலாக 2 ஆம்பியர் தாங்குவது. பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையம் எளிதில் செறியாது என்றாலும், வேகமாக ஸ்விட்ச் செய்யும்போது கோரே சூடாகிவிடும்.

விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் என் சந்தேகம் முதலில் உள்ளீட்டின் மேல்தான். கன்வெர்ட்டர் வெளியே 11.2 வாட் கொடுத்தே தீரும். பேட்டரி 10.5-க்கு இறங்கினால் அது 1.19 ஆம்பியர் இழுக்கும். ஒயரில் இன்னும் கொஞ்சம் வோல்ட் விழும். அதை ஈடுகட்ட மேலும் இழுக்கும். மெல்லிய ஒயர், தளர்ந்த பிரெட்போர்டு, 1 ஆம்பியர் அடாப்டர் எல்லாம் இந்தச் சுழலில் சரிந்துவிடும். அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து மறுபடி எழுவதைத்தான் நாம் சிமிட்டலாகப் பார்க்கிறோம். அளக்கும்போது பேட்டரி முனையில் அளக்காதீர்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கையில் சர்க்யூட்டின் உள்ளீட்டு முனையிலேயே அளக்க வேண்டும். அங்கே வோல்ட் உறுதியாக நின்றும் அலைவடிவத்தைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் ஒரு பல்ஸ் நீளம், அடுத்தது குட்டை என்று மாறி மாறி வந்தால், அது வேறு கதை. உச்ச மின்னோட்டத்தைப் பார்த்து நிறுத்தும் ஐசிகள் 50 சதவீதத்துக்கு மேல் ஆனில் இருக்கும்போது இப்படி நிலை தடுமாறும், நம் 62.5 அதற்குள்தான் வருகிறது. புதிய ஐசிகள் பலவற்றில் இதற்கான திருத்தம் உள்ளேயே இருக்கும். யூசி3843 போன்ற பழையவற்றுக்கு வெளியே சேர்க்க வேண்டும்.

பூஸ்ட் சர்க்யூட்டால் வோல்ட்டைக் குறைக்க முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். நான்கு எல்இடி வரிசைக்கு 12.8 வோல்ட், சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் கார் பேட்டரி 14.4 வரை போகும். அப்போது மாஸ்ஃபெட் ஆஃபிலேயே கிடந்தாலும் காயில், டையோடு வழியாக மின்னோட்டம் கட்டுப்பாடின்றிப் பாயும். ஐசியால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

எல்லாம் சரியானதும் மறுபடி இணைக்கும்போது எல்இடியை முதலில் மாட்டி, பிறகு சப்ளையைக் கொடுங்கள். சும்மா ஓடிக்கொண்டிருந்த கன்வெர்ட்டரின் கெபாசிட்டரில் 40 வோல்ட் தேங்கியிருக்கும். அந்த நிலையில் எல்இடியைத் தொட்டு வைத்தால் அது அத்தனையும் ஒரே வீச்சில் பாய்ந்து சில்லைப் பொசுக்கிவிடும். சப்ளையை நிறுத்திவிட்டு, 1 கிலோஓம் ரெசிஸ்டரைக் கெபாசிட்டரின் குறுக்கே சில விநாடிகள் பிடித்து, மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு மாட்டுங்கள்.