பத்தாயிரத்தில் ஐந்து கண்கள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் போகும் சாலையில், தவளக்குப்பத்தில் இருக்கிறது அரவிந்த் கண் மருத்துவமனை. சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீட்டுப் பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டால், முகாம் எப்போது என்பதுதான் அடுத்த பேச்சு. முகாமில் பரிசோதித்து, ஆபரேஷன் தேவைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். காசு கிடையாது. இந்த அறப்பணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே கட்டடம் மருத்துவர்களை உருவாக்கும் பள்ளியாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் இருப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. இலவசமாகக் கிடைக்கிற சிகிச்சையும் தரமாக இருப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இதன் வேர் மதுரையில். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-இல், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர்; அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் செய்யப் பழகிக்கொண்டவர். ஸ்ரீ அரவிந்தர் மேல் கொண்ட பக்தியால் அந்தப் பெயரை வைத்தார். பாண்டிச்சேரியிலிருந்து போன பெயர், 2003-இல் மருத்துவமனையாகப் பாண்டிச்சேரிக்கே வந்து சேர்ந்தது.

நடத்துவது அறக்கட்டளை. கட்டணம் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறவர்களிடமிருந்து வரும் உபரியைப் பங்கு போட்டுக்கொள்ள முதலாளி யாரும் இல்லை. அது இலவசப் பிரிவுக்கும் புதுக் கட்டடங்களுக்கும் போகிறது. கட்டணப் பிரிவு, இலவசப் பிரிவு இரண்டிலும் அதே மருத்துவர்கள்தான் மாறி மாறி வேலை செய்கிறார்கள். லென்ஸ் விலை பெரிய தடையாக இருந்தபோது, 1992-இல் மதுரையில் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கித் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். இறக்குமதி லென்ஸ் விற்ற விலையில் ஒரு சிறு பங்குக்கு அது கிடைத்தது.

சரி, ஆராய்ச்சி எங்கே வருகிறது? நம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்களில் பலருக்குப் புரை நன்றாக முற்றி, கண்மணி வெள்ளையாகவே தெரியும். மேலைநாட்டு முறையான பேக்கோவில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை வழியாக ஊசி போன்ற கருவியை விட்டு, அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பார்கள். புரை கல்லாகிவிட்டால் அதிக நேரம் அதிர்வு கொடுக்க வேண்டும்; கருவிழியின் உள்பக்க செல்கள் அதில் அடிபடும். ஒருமுறை செத்தால் அந்த செல்கள் மறுபடி வளராது.

இதற்கு மாற்றாகக் கையால் செய்யும் சிறுதுளை முறை இருக்கிறது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாக ஒரு சுரங்கம் வெட்டி, புரையை முழுசாகவே வெளியே கொண்டுவருவார்கள். அந்தச் சாய்வில்தான் சூட்சுமம். ஆபரேஷன் முடிந்ததும் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தமே சுரங்கத்தின் உள்வாயை சைக்கிள் ட்யூப் வால்வு போல அமுக்கி மூடிவிடுகிறது. தையல் வேண்டாம். விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டாம்.

அப்படியென்றால் இது ஏழைகளுக்கான மட்டமான மாற்றா? புதுச்சேரி மருத்துவர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வெள்ளைப் புரை வந்த 270 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு பேக்கோ, மறு பாதிக்குக் கைமுறை. 2010-இல் முடிவு வெளியானது. ஆறு வாரம் கழித்துப் பார்வையில் பெரிய வித்தியாசமில்லை. பேக்கோவுக்குச் சராசரி 12 நிமிடம், கைமுறைக்கு 9 நிமிடம். ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குப் பார்வை கொடுக்கலாம் என்ற கணக்கில் அந்த மூன்று நிமிடம் பெரிய விஷயம்.

அப்புறம் எண்ணிக்கை. கண் ஆபரேஷனில் எல்லோரும் பயப்படுவது உள்ளே சீழ் பிடிப்பதற்குத்தான். பெரும்பாலும் நோயாளியின் இமையில் இருக்கும் கிருமியே காரணம். கண்ணுக்குள் போய்விட்டால் ஓரிரு நாளில் பார்வையையே பறித்துவிடக்கூடும். ஆபரேஷன் முடிந்ததும் மாக்சிஃப்ளாக்சசின் என்ற மருந்தைத் துளியளவு கண்ணுக்குள் செலுத்தினால் இது குறையுமா என்பது கேள்வி. வருஷத்துக்கு 500 ஆபரேஷன் செய்யும் ஒரு மருத்துவரால் இதற்குப் பதில் கண்டுபிடிக்கவே முடியாது. அவரிடம் மூன்று வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் சீழ் பிடிக்கும். மருந்து கொடுக்க ஆரம்பித்து நாலு வருஷம் ஒன்றும் வரவில்லை என்றாலும், அது மருந்தின் பலனா அதிர்ஷ்டமா என்று சொல்ல வழியில்லை.

அரவிந்த் மருத்துவமனைகள் எல்லாம் ஒரே நடைமுறையில் வேலை செய்து, ஒரே மாதிரி பதிவேடு வைத்திருந்தன. அதனால் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களை அவர்களால் ஒப்பிட முடிந்தது. ஏறக்குறைய பாதிக் கண்கள் அந்த மருந்து வருவதற்கு முன் ஆபரேஷன் ஆனவை, மீதி பின். 2017-இல் வந்த முடிவு: சீழ் பிடித்தது 0.07 சதவீதத்திலிருந்து 0.02 ஆகக் குறைந்தது. பத்தாயிரத்தில் ஏழு, இரண்டானது. குலுக்கல் முறையில் பிரிக்காமல் முன்-பின் ஒப்பிட்டது இந்த ஆய்வின் குறை. ஆனாலும் இவ்வளவு பெரிய எண்ணிக்கையை ஒதுக்கித் தள்ள முடியாது. காப்பாற்றப்பட்ட அந்த ஐந்து கண்களில் இலவசப் படுக்கையில் இருந்தவர்களின் கண்களும் உண்டு.

இந்த வேலையில் பாதி, மருத்துவர் அல்லாதவர்கள் கையில் இருக்கிறது. பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள். பள்ளிப்படிப்பு முடித்து இரண்டு வருஷம் பயிற்சி பெற்றவர்கள். கண்ணின் நீளத்தை அளந்து லென்ஸ் பவரைக் கணக்கிடுவதற்குத் தகவல் தருவது இவர்கள்தான். சராசரிக் கண் சுமார் 23 மில்லிமீட்டர் நீளம். அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவர் இரண்டரை, மூன்று வரை தப்பிவிடும்; ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்த மனிதர் தடிமனான கண்ணாடியோடுதான் வீட்டுக்குப் போவார். பயிற்சி மருத்துவர்களுக்கும் இதே கண்டிப்பு. ஆபரேஷனைப் படிப்படியாகப் பிரித்து, ஒரு படி கை வந்த பிறகுதான் மூத்தவர் அடுத்ததைக் கொடுப்பார்.

சிக்கனம் இன்னொரு இடத்திலும் பலன் தந்திருக்கிறது. பிரிட்டனில் ஒரு பேக்கோ ஆபரேஷனால் வெளியாகும் கரியமில வாயு சுமார் 130 கிலோ என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அரவிந்தில் அது 6 கிலோ. கருவிகளையும் துணிகளையும் கிருமி நீக்கித் திரும்பப் பயன்படுத்துவது அதற்கு முக்கியக் காரணம். பணக்கார நாடுகளில் பல பொருட்களை ஒரு தடவையோடு தூக்கிப்போட வேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்காகத்தான் அந்த விதி. இங்கே பதிவான சீழ் விகிதத்தைப் பக்கத்தில் வைத்து, அந்த விதிகளில் எதெல்லாம் உண்மையிலேயே தேவை என்று அங்குள்ள கண் மருத்துவர்களே இப்போது கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள்.