யார் பேசுகிறார், முற்று எங்கே நிற்கிறது: சங்கப் பாட்டில் காதலையும் குடும்பத்தையும் வாசிக்கும் முறை

கல்யாணப் பத்திரிகையில் அச்சாகிற சங்கப் பாட்டு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது குறுந்தொகை 40, ‘யாயும் ஞாயும்’. இரு வீட்டாரும் கூடிக் கொண்டாடும் நாளில் வாசிக்கப்படும் அந்தப் பாட்டுக்குள் வீட்டார் யாருமே இல்லை. இருவர் தனியே சந்தித்திருக்கிறார்கள். இவன் விட்டுப் போய்விடுவானோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிகிறது. அதைக் கண்டு அவன் சொல்லும் பேச்சு இது என்று பாட்டின் கீழுள்ள துறைக்குறிப்பு, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று காட்டும் சிறு குறிப்பு, சொல்கிறது. பத்திரிகையில் போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தாராளமாகப் போடலாம். ஆனால் அந்தப் பயத்தை விட்டுவிட்டு வாசித்தால் பாட்டு வெறும் வாழ்த்தாகச் சுருங்கிவிடும்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

வகுப்பிலும் மேடையிலும் நான்காம் அடிக்கு மட்டுமே விளக்கம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். செம்மண்ணில் விழுந்த மழைநீர், உவமை அணி, முடிந்தது. கவிஞர் அதற்கு முந்தைய மூன்று அடிகளில் செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். எந்தை, நுந்தை என்பவையும் அப்படியே. ‘என்’, ‘உன்’ என்ற பிரிவு இந்த உறவுச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. தாய்மார், தந்தையர் என்று இரண்டு அடிகள் அந்தப் பிரிவிலேயே நடக்கின்றன. மூன்றாம் அடியில் ‘யானும் நீயும்’ என்று இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், ஆனால் அந்த அடியின் வினை ‘அறிதும்’. அது தன்மைப் பன்மை, அதாவது ‘நாம்’. கேள்வியாகத் தொடங்கிய பேச்சுக்குள் அந்த வினை விகுதியிலேயே இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். உவமை அதன் பிறகுதான் வருகிறது. கடைசி அடியில் கலந்தவை நெஞ்சங்கள், அவை ‘தாம்’ கலந்தன. யாரும் கலக்கவில்லை, யாரும் சேர்த்துவைக்கவில்லை. பிரிந்துவிடுவானோ என்று அஞ்சுகிறவளுக்கு இதைவிட உறுதியான பதில் கிடையாது. யாரும் சேர்க்காததை யார் வந்து பிரிப்பது?

இந்தப் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் தெரியாததால், பாட்டில் உள்ள தொடரையே பெயராக்கி அவரைச் செம்புலப் பெயனீரார் என்கிறோம். தலைவன், தலைவிக்கும் பெயர் கிடையாது. காதலைப் பாடும் அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயர் இல்லாத இடத்தில் ஆளை அடையாளம் காட்டுவது கூற்றுதான்: யார், யாரிடம், எந்த நேரத்தில் பேசுகிறார்கள் என்பது.

ஆகவே சங்கப் பாட்டை எடுத்ததும் பொருள் தேடி உரைக்குள் போகாதீர்கள். முதலில் பாட்டைச் சீர் பிரித்த பதிப்பிலிருந்து கையால் எழுதிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைப்பவற்றில் பல, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று சொற்பிரித்துப் போட்டவை. ‘செம்புலப் பெயல் நீர் போல’ என்று பிரித்துப் போட்டால் கண்ணுக்கு நான்கு சொல்லாகத் தெரியும். செய்யுளில் அது ‘செம்புலப் பெயனீர் போல’ என்ற மூன்று சீர். இந்தப் பாட்டின் யாப்பு வகையான நேரிசை ஆசிரியப்பாவில் மற்ற அடிகளுக்கு நான்கு சீர், கடைசிக்கு முந்தின அடிக்கு மட்டும் மூன்று. அங்கே ஓசை ஒரு கணம் குறைந்து நின்று, கடைசி அடியில் முழுதாக இறங்குகிறது. அந்தக் குறை அடி வருவது இலக்கணக் கட்டாயம், அதில் எதை வைப்பது என்பதுதான் கவிஞரின் தேர்வு. சொற்பிரித்த பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாசிக்கிறவருக்கு இந்தத் தேர்வு கண்ணில் படவே படாது.

எழுதிய பிறகு வினைமுற்றுகளை, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைகளை, அடிக்கோடிடுங்கள். முடியாமல் அடுத்த சொல்லுக்காகக் காத்திருக்கும் எச்சங்களை விட்டுவிட்டு முற்றுகளை மட்டும். ஒவ்வொரு முற்றுக்கும் எழுவாய் எது என்று பக்கத்தில் குறியுங்கள். அடுத்து, பேசுபவர் யார் என்று பாட்டை மட்டும் வைத்து ஊகியுங்கள். அதற்குப் பிறகு துறைக்குறிப்பு, கடைசியில் உரை. துறைக்குறிப்பைப் பின்னுக்குத் தள்ளுவதற்குக் காரணம் உண்டு. அது கவிஞர் எழுதியது அன்று, பாட்டுகளைத் தொகுத்து வைத்தவர்கள் காலத்தில் சேர்ந்தது. அது பழமையான வாசிப்பு, மதிக்க வேண்டிய வாசிப்பு. ஆனாலும் பாட்டின் சொற்களோடு வைத்துச் சரிபார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறு அடிப் பாட்டுக்கு இவ்வளவும் செய்ய அரை மணி நேரம் போதும்.

இப்படி வாசித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கூடலூர் கிழாரின் குறுந்தொகை 167 நல்ல எடுத்துக்காட்டு.

முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்
கழுவுறு கலிங்கம் கழாஅ துடீஇக்
குவளை யுண்கண் குய்ப்புகை கழுமத்
தான்றுழந் தட்ட தீம்புளிப் பாகர்
இனிதெனக் கணவ னுண்டலின்
நுண்ணிதின் மகிழ்ந்தன் றொண்ணுதல் முகனே

கட்டித் தயிரைப் பிசைந்த விரல், அந்த விரலைத் துடைத்த சேலை, அதை மாற்றாமலே அடுப்படியில் நிற்கிறாள். தாளிக்கிற புகை கண்ணில் நிறைகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. அவன் இனிது என்று உண்கிறான்.

அவன் சொன்ன ‘இனிது’ நீங்கலாக இந்த ஆறு அடிக்கும் முற்று ஒன்றே ஒன்று, ‘மகிழ்ந்தன்று’. நான்கு அடி முழுக்கச் சமையல் வேலை எச்சம் எச்சமாக நீண்டு, முற்றுக்காகக் காத்திருக்கிறது. அந்த நீளம்தான் அவள் பட்ட பாடு. கணவனுக்குக் கிடைத்தது மூன்று சீர் உள்ள அந்தக் குறை அடி மட்டும். ‘என’ என்ற சொல்லும் கவனிக்கத்தக்கது. வாய்விட்டுச் சொன்னான் என்றும் கொள்ளலாம், மனத்துக்குள் நினைத்தபடி உண்டான் என்றும் கொள்ளலாம்.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ‘மகிழ்ந்தன்று’. ‘அன்று’ என்று முடிவதால் ‘மகிழவில்லை’ என்று எழுதிவிடுகிறார்கள், பாட்டே தலைகீழாகிவிடும். மகிழ்ந்தன்று என்றால் மகிழ்ந்தது, உடன்பாட்டு இறந்தகாலம். சரி, மகிழ்ந்தது யார்? எழுவாய் அவள் இல்லை, அவள் முகம். பேசுகிறவள் அவளை வளர்த்த தாயான செவிலி. மகள் குடித்தனம் நடத்தும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். அடுத்தவர் மனத்துக்குள் என்ன நடந்தது என்று அவளால் சொல்ல முடியாது, கண்ணால் கண்ட முகத்தைத்தான் சொல்ல முடியும். அதுவும் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவு, ‘நுண்ணிதின்’. கணவன் மனைவி அன்பைச் சொல்லும் பாட்டுக்குள் ஒரு தாய் மகளை எவ்வளவு கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

வடிவத்தால் குடும்பத்தைச் சொல்வதில் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலாகப் படுவது போதனாரின் நற்றிணை 110. 13 அடி. முதல் எட்டு அடி முழுக்க ஒரு சிறுமி ஓடுகிறாள். தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, பூச்சுற்றிய சிறு கோலை ஓங்கி, ‘உண்’ என்று நரைத்த கூந்தல் செவிலியர் துரத்துகிறார்கள். சிலம்பு ஒலிக்கத் தாவிப் பந்தலுக்குள் ஓடுகிறாள், அவர்கள் ஓடிக் களைத்து நின்றுவிடுகிறார்கள். ஏந்தி, ஓக்குபு, பிழைப்ப, ஒலிப்ப, ஒழிய, ஓடி என்று எச்சமாகவே அடுக்கியிருப்பதால் வாசிக்கிறவருக்கும் நிற்க இடமில்லை. எட்டாம் அடியில் ‘ஏவல் மறுக்கும் சிறுவிளை யாட்டி’ என்றதும்தான் மூச்சு விட முடிகிறது. ஒன்பதாம் அடி கேள்வி: அறிவும் ஒழுக்கமும் எங்கே கற்றாள்? பிறகு நான்கு அடி.

கொண்ட கொழுநன் குடிவறன் உற்றெனக்
கொடுத்த தந்தை கொழுஞ்சோறு உள்ளாள்
ஒழுகுநீர் நுணங்கறல் போலப்
பொழுதுமறுத்து உண்ணும் சிறுமது கையளே

புகுந்த வீட்டில் வறுமை. பெற்ற வீட்டின் வளமான சோற்றை அவள் நினைப்பதே இல்லை. ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள்.

இங்கே பென்சிலை எடுத்து இரண்டு சொற்களை வட்டமிடுங்கள். எட்டாம் அடியில் ‘மறுக்கும்’, கடைசி அடியில் ‘மறுத்து’. பால் குடிக்கச் சொன்னபோது ஏவலை மறுத்தவள், இப்போது உணவு வேளையை மறுக்கிறாள். வினை அதேதான், வாழ்க்கைதான் மாறிவிட்டது. நான்காம் அடியின் ‘உண்’ என்ற கெஞ்சல் கடைசி அடியில் ‘உண்ணும்’ என்று திரும்ப வருகிறது. கொண்டவனும் கொடுத்தவனும் ஒரே மோனையில் அடுத்தடுத்த அடிகளின் தலைப்பில் நிற்கிறார்கள், நடுவில் அவள். குடும்பம் என்ற அமைப்பே அந்த இரண்டு அடிகளின் தொடக்கத்தில் இருக்கிறது.

இதை ‘பெண்ணின் பொறுமை’ என்று பாராட்டி முடிக்கும் விளக்கங்களை நான் ஏற்பதில்லை. துறைக்குறிப்பு இரண்டு சூழலைச் சொல்கிறது. மகளைப் பிரிந்த தாயின் கலக்கமான மனைமருட்சி ஒன்று, மகள்நிலை உரைத்தல் இன்னொன்று. எதைக் கொண்டாலும் பேசுவது அவளை வளர்த்த வீடு. ஒன்பதாம் அடிக் கேள்வியில் வரும் ‘கொல்’ என்ற ஐயச் சொல்லில் வியப்பும் இருக்கிறது, வயிற்றெரிச்சலும் இருக்கிறது. அந்த வலியை விட்டுவிட்டு நீதியை மட்டும் எடுப்பது பாட்டுக்குச் செய்யும் அநியாயம்.

குரலைத் தவறவிட்டால் பொருளே மாறிவிடும் என்பதற்கு ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகை 8. எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசிவிட்டு, தன் வீட்டுக்குப் போனால் கண்ணாடிப் பாவை போல, கையும் காலும் தூக்கினால் தானும் தூக்கி, மனைவி விரும்பியபடி ஆடுகிறான் என்று ஒருத்தி ஏசுகிறாள். இதைத் தலைவியின் புலம்பல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. கடைசி அடியைப் படித்தால் போதும்: ‘மேவன செய்யுந்தன் புதல்வன் தாய்க்கே’. எந்த மனைவியும் தன்னைத் தானே ‘அவன் பிள்ளையின் தாய்’ என்று சொல்லிக்கொள்ள மாட்டாள். பேசுவது காதற்பரத்தை, அதாவது மனைவிக்கு வெளியே அவன் உறவு வைத்திருக்கும் பெண், தலைவியின் பக்கத்தார் காதில் விழும்படி. மனைவி என்ற சொல்லே வாயில் வராமல், அந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் உரிமையை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறாள்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். கலந்தனவே, முகனே, மதுகையளே, தாய்க்கே என்று எல்லாப் பாட்டும் ஏகாரத்தில் முடிவதைக் கண்டு, அதை உணர்ச்சி மிகுதி என்று விளக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. ஆசிரியப்பா பெரும்பாலும் ஏகாரத்தில்தான் முடியும். எல்லாருக்கும் பொதுவான ஒன்றை ஒரு கவிஞரின் தனித்திறமை ஆக்கக் கூடாது.

தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு: ‘இப்பாடலில் உவமை அணி பயின்று வந்துள்ளது, தலைவியின் அன்பு சிறப்பாகக் கூறப்பட்டுள்ளது’ என்ற வாக்கியம் எந்தப் பாட்டுக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பாட்டையும் விளக்காது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மகிழ்ந்தன்று என்ற முற்றின் எழுவாய் முகன். பேசுபவள் செவிலி ஆதலால் கண்டதோடு நிற்கிறாள். நான்கு அடி உழைப்புக்குப் பின்னரே அந்த முற்று வருகிறது.’ மூன்று வாக்கியத்தில் சொல், குரல், அமைப்பு மூன்றும் வந்துவிட்டன.

ஆசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. பாண்டியன் அறிவுடை நம்பியின் புறநானூறு 188 பாடத்தில் வரும்போது பெரும்பாலும் ‘மக்கட்பேறு’ என்ற தலைப்போடு வரும். அதன் நான்காம் அடியை மாணவர்களைக் கைதட்டியபடி சொல்லச் சொல்லுங்கள்: ‘இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’. நான்கு சீர், நான்கு வினை, நான்கிலும் உம். சோற்றில் கை விடும் குழந்தையின் ஓட்டம் வாயிலேயே வந்துவிடும். ‘பயக்குறை இல்லை’ என்பதைக் ‘குறை இல்லை’ என்று மாற்றிப் பொருள் கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாழும் நாளால் அடையும் பயன் இல்லை என்பதே பழைய உரை. அந்த முடிவு பிள்ளை இல்லாதவர்களைப் பார்த்துச் சொல்லப்பட்டது. பிள்ளை இல்லாத சித்தியும் அத்தையும் வளர்க்கும் குழந்தைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். இது ஓர் அரசன் தன் காலத்தில் சொன்ன கருத்து என்று பெயரோடு சொல்லிவிட்டு, அடுத்த பாடவேளையில் ஐங்குறுநூறு 401-ஐ எடுங்கள். குட்டியை நடுவில் கிடத்திய மான்போல, ‘புதல்வன் நடுவண னாக’ பெற்றோர் இருபுறமும் படுத்திருப்பதைச் செவிலி கண்டு சொல்லும் ஐந்து அடிப் பாட்டு அது. அதில் யாரையும் யாரோடும் ஒப்பிட்டுக் குறை சொல்லவில்லை.