டிஜிட்டல் மருத்துவத்தில் பணம் எங்கே போகிறது, எங்கே நின்றுவிடுகிறது?

2017 செப்டம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஒரு ஸ்மார்ட்ஃபோன் செயலிக்கு அனுமதி கொடுத்தது. அதன் பெயர் ரீசெட். போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரின் சீட்டோடு 12 வாரம் அதைப் பயன்படுத்தலாம். ஆலோசகர் எதிரில் உட்கார்ந்து சொல்லித்தரும் நடத்தைச் சிகிச்சைப் பாடங்களை அது ஃபோனிலேயே நடத்தியது. மருந்தைப் போலச் சீட்டில் எழுதித்தரும் செயலி என்பது அப்போது புத்தம் புதிது. அதை உருவாக்கிய பேர் தெரப்யூடிக்ஸ் என்ற நிறுவனம் 2021 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தபோது சுமார் 160 கோடி டாலர் மதிப்பிடப்பட்டது. 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. சொத்துகள் ஏலத்தில் ஏறத்தாழ 60 லட்சம் டாலருக்குப் போயின.

செயலி பழுதாகவில்லை, அனுமதியும் ரத்தாகவில்லை. அப்படியென்றால் எது உடைந்தது? டிஜிட்டல் மருத்துவத் தொழில்நுட்பத்தை ஒரு சங்கிலியாகப் பார்த்தால் இது புரியும். உடலிலிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது. அது எண்ணாகிறது. எண்ணிலிருந்து ஒரு நோய்க் கணிப்பு வருகிறது. கணிப்பு சிகிச்சையை மாற்ற வேண்டும், சிகிச்சை மாறியதால் நோயாளி நலம் பெற வேண்டும், கடைசியில் இதற்கெல்லாம் யாராவது பணம் கட்ட வேண்டும். முதல் இரண்டு கண்ணிகள் கண்ணைக் கவர்பவை, முதலீடும் அங்கேதான் முதலில் குவிகிறது. ஆனால் நிறுவனங்கள் விழுவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் கண்ணிகளில்.

முதலில் சமிக்ஞையைப் பார்ப்போம். ஸ்மார்ட் வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பச்சை ஒளி மின்னும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு இதயத் துடிப்பின்போதும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் ஒளி அந்த அளவுக்குக் குறையும். பக்கத்தில் இருக்கும் ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்கிறது. இரண்டு உச்சங்களுக்கு இடையே உள்ள நேரமே துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான இடைவெளி. அந்த இடைவெளிகள் தாறுமாறாக இருந்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருக்கலாம். அது பக்கவாதத்துக்கு இட்டுச் செல்லக்கூடிய கோளாறு என்பதால்தான் இவ்வளவு அக்கறை.

ஒளியை வைத்து அளப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. கை அசைந்தால் அலை குழம்பும். தோலின் நிறமும் ஒளியை உறிஞ்சும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் கொண்டு இயங்குவது. 2020 டிசம்பரில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அந்தக் கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களை எடுத்து, ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு ஒப்பிட்டது. ஆக்சிஜன் உண்மையில் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில், வெள்ளையரில் 3.6 சதவீத அளவீடுகளில். பல பத்தாண்டுகளாக மருத்துவமனைகள் நம்பி வந்த கருவி இது. யாரை வைத்துச் சோதித்துக் கருவி செய்கிறோமோ அவர்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். மற்றவர்களுக்கும் செய்யும் என்பதைத் தனியாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சரி, சமிக்ஞை சுத்தமாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து நோய்க் கணிப்பு. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இந்தத் துறையைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்றால் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள் என்பேன். ஒரு கருவி நோய் உள்ளவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாகப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று கற்பனை செய்வோம். கேட்க அருமையாக இருக்கிறது. இதை 10,000 இளைஞர்களிடம் கொடுக்கிறோம். அவர்களில் 50 பேருக்கு மட்டும் அந்தக் கோளாறு உண்டு. கருவி 47 அல்லது 48 பேரைப் பிடித்துவிடும். ஆனால் கோளாறு இல்லாத 9,950 பேரில் 5 சதவீதம், அதாவது ஏறக்குறைய 500 பேருக்கும் மணி அடிக்கும். எச்சரிக்கை வந்தவர்களில் பதினொன்றில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அதே கருவியை 1,000 பேருக்குக் கோளாறு உள்ள 10,000 முதியவர்களிடம் கொடுத்தால் 950 பேரைச் சரியாகப் பிடிக்கும், 450 பேருக்குத் தவறாக அடிக்கும். இப்போது மூன்றில் இரண்டு எச்சரிக்கைகள் உண்மை. கருவி மாறவில்லை, அதை அணிந்தவர்கள்தான் மாறினார்கள்.

இது காகிதக் கணக்கு மட்டும் இல்லை. ஆப்பிள் நிறுவனத்தின் நிதியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்திய இதய ஆய்வின் முடிவுகள் 2019 நவம்பரில் வெளியாயின. பங்கேற்றவர்கள் 4,19,297 பேர். துடிப்பு ஒழுங்கற்று இருப்பதாக எச்சரிக்கை வந்தது அவர்களில் 0.52 சதவீதம் பேருக்கு. 40 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் இது 0.16 சதவீதம், 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 3 சதவீதத்தைத் தாண்டியது. எச்சரிக்கை வந்தவர்களுக்கு இதய மின்வரைவுப் பட்டை அனுப்பினார்கள். பட்டையை அணிந்து, ஆராயத் தக்க பதிவோடு திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர், அவர்களில் 34 சதவீதம் பேருக்கு அந்தக் கோளாறு தென்பட்டது. கோளாறு வந்து வந்து போகும் வகை என்பதால் மற்றவர்களுக்கு வந்தது எல்லாம் பொய் எச்சரிக்கை என்றும் சொல்ல முடியாது. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது வேறு. எச்சரிக்கை வந்தவர்கள் 2,000 பேருக்கு மேல், பட்டை வழியே தெளிவு கிடைத்தது அதில் சிறு பகுதியினருக்கே. சென்சாருக்கும் மருத்துவருக்கும் நடுவே இருக்கும் இந்தப் பள்ளத்தை இன்னும் நல்ல சென்சார் வந்து நிரப்பாது.

அடுத்த கண்ணி இன்னும் கடினம். சரியாக அளந்தால் நோயாளிக்கு நன்மை வந்துவிடுமா? புரோட்டியஸ் டிஜிட்டல் ஹெல்த் என்ற நிறுவனம் மாத்திரைக்குள் மணல் துகள் அளவு சென்சாரை வைத்தது. அதில் செம்பும் மெக்னீசியமும் இருந்தன. வயிற்று அமிலம் பட்டவுடன் அவை மிகச் சிறிய மின்சமிக்ஞையை உண்டாக்கும், உடலில் ஒட்டிய பட்டை அதைப் பிடித்து மாத்திரை விழுங்கப்பட்டதை ஃபோனுக்குச் சொல்லும். அழகான வேதியியல். இந்த சென்சார் உள்ள மனநோய் மாத்திரைக்கு 2017 நவம்பரில் எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது. தந்தபோதே, நோயாளிகள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதை இது மேம்படுத்தும் என்று காட்டப்படவில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னது. மாத்திரை எடுத்தாரா என்று தெரிந்துகொள்வது ஒன்று, எடுக்க வைப்பது வேறு. ஒருகாலத்தில் சுமார் 150 கோடி டாலர் மதிப்பிடப்பட்ட அந்த நிறுவனம் 2020 ஜூனில் திவாலானது.

செயற்கை நுண்ணறிவிலும் இதே கதைதான். ரத்தத்தில் தொற்று பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே சொல்லும் ஒரு மென்பொருள் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் இருந்தது. மின்னணு மருத்துவப் பதிவேடு விற்கும் எபிக் நிறுவனத்தினுடையது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத் தங்கள் மருத்துவமனையின் 38,000க்கும் மேற்பட்ட உள்நோயாளிச் சேர்க்கைகளில் சோதித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை மென்பொருள் தவறவிட்டது. அதோடு, அனுமதிக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேருக்கு எச்சரிக்கை எழுப்பியது. நாள் முழுக்க மணி அடித்தால் செவிலியர் அதைக் கவனிப்பதையே விட்டுவிடுவார். பயன்பாட்டுக்கு வந்த பிறகு இப்படி வெளியார் ஒருவர் சோதிக்கும் வரை இது தெரியாமலேயே இருந்தது என்பதுதான் வருத்தமான விஷயம்.

இதை முறையாகச் செய்ய முடியாதா? முடியும். ஸ்வீடனில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியின் எக்ஸ்ரே படங்களை வழக்கம்போல இரண்டு மருத்துவர்கள் பார்த்தார்கள். மறு பாதியில் மென்பொருள் முதலில் ஆபத்து அளவைக் கணித்தது. ஆபத்து குறைவான படங்களை ஒரு மருத்துவரும், அதிகமானவற்றை இருவரும் பார்த்தார்கள். 80,000 பெண்களிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2023இல் வந்தன. படம் பார்க்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய்களும் குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தன. இந்தத் துறையில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி தரும் செய்திகள் இந்த வகைதான். ஆனால் இப்படி ஓர் ஆய்வுக்குப் பல ஆண்டுகள் வேண்டும்.

பணத்தின் கடிகாரம் வேறு. புதிய நிறுவனங்களில் பணம் போடும் துணிகர முதலீட்டு நிதி ஒன்றின் ஆயுள் வழக்கமாகப் பத்து ஆண்டு. அதற்குள் வாங்கி, வளர்த்து, விற்று லாபத்தைப் பிரிக்க வேண்டும். மென்பொருள் நிறுவனங்களுக்கு அந்தக் கால அளவு பொருந்தும். மருத்துவச் சான்றுக்கு அது இறுக்கமான சட்டை. வட்டி ஏறக்குறைய பூஜ்யமாக இருந்து, பெருந்தொற்றால் எல்லோரும் வீடியோவில் மருத்துவரைப் பார்த்த காலத்தில் இந்த இறுக்கம் யாருக்கும் உறைக்கவில்லை. ராக் ஹெல்த் நிறுவனத்தின் கணக்குப்படி அமெரிக்க டிஜிட்டல் ஹெல்த் ஸ்டார்ட்-அப்களுக்கு 2021இல் வந்த முதலீடு சுமார் 2,900 கோடி டாலர். 2022 மார்ச்சில் அமெரிக்க மைய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. அந்த ஆண்டு முதலீடு ஏறக்குறைய பாதியாகி 1,530 கோடியானது. 2023இல் 1,070 கோடி, 2024இல் 1,010 கோடி. தொலைமருத்துவ நிறுவனமான டெலடாக், நாள்பட்ட நோய்களைக் கண்காணிக்கும் லிவாங்கோவை வாங்க 2020 ஆகஸ்டில் ஒப்புக்கொண்ட விலை 1,850 கோடி டாலர். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் டெலடாக் காட்டிய நஷ்டம் சுமார் 1,370 கோடி. அதில் பெரும்பகுதி, வாங்கியதன் மதிப்பைப் புத்தகத்தில் குறைத்து எழுதியதால் வந்தது.

அப்புறம், யார் பணம் கட்டுவது என்ற கேள்வி. பேர் தெரப்யூடிக்ஸ் உடைந்தது இங்கேதான். மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், பல காப்பீட்டு நிறுவனங்கள் கட்ட மறுத்தன. செயலியை எந்தப் பிரிவில் சேர்ப்பது, என்ன விலை என்பதற்கே அங்கே நிலையான வழி இல்லை. ஜெர்மனி 2019 டிசம்பரில் இதற்கென்று சட்டம் போட்டது. பாதுகாப்பும் தரமும் உறுதியானால் செயலியை ஓராண்டுக்குத் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கலாம். மருத்துவர் எழுதினால் பொதுக் காப்பீடு கட்டும். வழக்கமாக அந்த ஓராண்டுக்குள் நன்மை இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும், இல்லையென்றால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். சில செயலிகள் அப்படி நீக்கப்பட்டன. கடுமையான ஏற்பாடுதான், ஆனால் சங்கிலியின் கடைசி இரண்டு கண்ணிகளையும் ஒன்றாகக் கட்டுகிறது.

எல்லாக் கண்ணிகளும் பொருந்திய கருவி எது என்றால் தொடர் குளுக்கோஸ் அளவியைச் சொல்வேன். தோலுக்கு அடியில் மயிரிழை போன்ற ஒரு நுண்கம்பி. அதன் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. திசுத் திரவத்தில் உள்ள குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது உண்டாகும் மின்னோட்டம் சர்க்கரை அளவுக்கு ஏற்றபடி கூடும், குறையும். ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அங்கே சில நிமிடம் தாமதமாகத்தான் தெரியும். இருந்தாலும் விரலைக் குத்துவது குறைகிறது, இரவில் சர்க்கரை இறங்கினால் அலாரம் அடிக்கிறது. முக்கியமாக, எண் தெரிந்தவுடன் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவு: இன்சுலினைக் கூட்டு, குறை, அல்லது ஏதாவது சாப்பிடு. நன்மை இருப்பதைச் சோதனைகள் காட்டின, காப்பீடு வந்தது. சென்சாரை பத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதால் விற்பனையும் தொடர்கிறது. இதைச் செய்யும் டெக்ஸ்காம் நிறுவனத்தின் 2024 வருமானம் 400 கோடி டாலரைத் தாண்டியது.

இப்போது பணம் ஓடும் திசை செயற்கை நுண்ணறிவு. ராக் ஹெல்த் கணக்கில் 2025 முதல் பாதியில் வந்த 640 கோடி டாலரில் 62 சதவீதம் அந்த வகை நிறுவனங்களுக்குப் போனது. அதில் ஒரு பகுதி மருத்துவரின் குறிப்பெழுதும் வேலைக்கு. அறையில் ஒரு மைக் பேச்சைக் கேட்கிறது, பேச்சு எழுத்தாகிறது, மொழி மாதிரி என்ற, வாக்கியங்களை எழுதும் செயற்கை நுண்ணறிவு அதை நோய் வரலாறு, பரிசோதனை, சிகிச்சைத் திட்டம் என்று வகைப்படுத்தி எழுதுகிறது, மருத்துவர் படித்துத் திருத்திக் கையெழுத்திடுகிறார். இதில் முன்னணியில் உள்ள அப்ரிட்ஜ் 2025 ஜூனில் 530 கோடி டாலர் மதிப்பில் முதலீடு பெற்றது. ஏன் இங்கே இவ்வளவு? குறிப்பெழுதும் மென்பொருள் நோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவரின் நேரம் மிச்சமானால் மருத்துவமனையே கட்டிவிடும். சங்கிலியின் கடினமான கண்ணிகளைத் தாண்டிப் போகும் குறுக்கு வழி இது. களைத்துப்போன மருத்துவர்களுக்கு இது பெரிய உதவி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிடும் பழக்கம் மொழி மாதிரிகளுக்கு உண்டு, அந்தத் தவறு நோயாளியின் பதிவேட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். நோயையே குறிவைக்கும் சிகிச்சைகளுக்கு முதலீடு சுருங்கி, காகித வேலைக்கு மட்டும் பெருகினால் அது நல்லதல்ல என்றும் நினைக்கிறேன்.

நோயைக் குறிவைத்தும் நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். ஒமாடா ஹெல்த் 2011இல் தொடங்கியது. அது கையில் எடுத்தது தானே கண்டுபிடித்த ஒன்றை அல்ல. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு, எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்குகளோடு பயிற்சியாளர் துணையாக இருந்தால், சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைகிறது என்று காட்டியிருந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்த குழுவில் 31 சதவீதம்தான் குறைந்தது. சிகிச்சை நிரூபணமாகியிருந்தது, அதை லட்சக்கணக்கானவர்களுக்கு நேரில் கொண்டுசேர்க்கத்தான் வழி இல்லை. ஒமாடா அந்தப் பயிற்சியாளரை ஃபோனுக்குள் கொண்டுவந்தது, எடை எந்திரத்தை இணையத்தோடு இணைத்தது, ஊழியர்களின் மருத்துவச் செலவை ஏற்கும் முதலாளிகளிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் விற்றது. அது பங்குச் சந்தைக்கு வந்தது 2025 ஜூனில், தொடங்கி 14 ஆண்டுகள் கழித்து.