வெள்ளம் வடிந்ததும் மறைகிற பள்ளம்

திருச்சிக்காரர்களுக்கு 2018 ஆகஸ்ட் மறக்காது. கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சாய்ந்தன. பக்கத்திலேயே புதுப் பாலம் 2016-இல் திறந்திருந்ததால் பழையதில் வண்டி ஓடவில்லை. விரிசல் தெரிந்ததும் ஆட்களையும் தடுத்துவிட்டார்கள், உயிர் தப்பியது.

"அத்தனை வருஷம் நின்ற பாலமாச்சே, துரு ஏறிடுச்சா?" என்று அப்போது என்னைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. பாலங்களைச் சோதிப்பது என் பிழைப்பு. துரு இல்லை, கால்தான் போனது என்றால் யாரும் நம்பவில்லை.

தூணில் மோதுகிற வெள்ளம் பக்கவாட்டில் மட்டும் விலகிப் போவதில்லை. கீழ்நோக்கியும் பாய்ந்து, சுழன்று, அடி மணலைத் தோண்டுகிறது. ஆற்றில் மணல் அள்ளி மட்டம் ஏற்கெனவே இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. வெள்ளம் வடியும்போது அதே பள்ளத்தைப் புது மணல் மூடிவிடும். கோடையில் போய்ப் பார்த்தால் ஆறு சமதளமாக, அப்பாவியாகக் கிடக்கும். அந்தப் புது மணலில் பிடிமானம் கிடையாது. அதனால்தான் வெள்ளம் ஓடும்போதே ஆழம் பார்க்கச் சொல்கிறோம்.

மகாராஷ்டிரத்தில் மகாடு அருகே சாவித்திரி ஆற்றுப் பாலம் 2016 ஆகஸ்ட் 2 இரவு வெள்ளத்தோடு போனபோது, இரண்டு அரசுப் பேருந்துகளும் சேர்ந்து போயின. ஆங்கிலேயர் காலத்துக் கல் பாலம் அது.

மேலே நடக்கும் கேடு மெதுவானது. இரண்டு தூண்களுக்கு இடையே கிடக்கும் பாலத் துண்டைக் கண் என்போம். 40 மீட்டர் கான்கிரீட் கண் ஒன்று, 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர் நீளும், சுருங்கும். அதற்குத்தான் தூண் மேல், கண்ணைத் தாங்கியபடியே அசைய விடுகிற பேரிங்கும், கண்ணுக்குக் கண் இடைவெளியும். ரோடு போடுகிறவர்கள் அந்த இடைவெளி மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தண்ணீர் போகும் குழாயையும் அதே தார் அடைத்துவிடும். தேங்கியது இடுக்கு வழியே பேரிங்கில் சொட்டும், ஓரத்தில் அரசங்கன்று முளைக்கும். திருச்சி காவிரிப் பாலம் 1976-இல் வந்தது. 2022 செப்டம்பரில் அதை மூடி, பேரிங்கும் இணைப்புகளும் மாற்றி, 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். அந்த ஆறு மாதம் ஊர் திட்டித் தீர்த்தது. அவசியமான வேலை அது.

ஒருமுறை வேறொரு பாலத்தில் காகிதமெல்லாம் சரியாக இருந்தது. கீழே மீன் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர்தான் கூப்பிட்டார். "சார், நாலாவது தூணுக்குக் கீழே இந்த வட்டச் சுவர் என் சின்ன வயசுல தெரியாது." அது கிணற்று அஸ்திவாரத்தின் தலை, அதாவது தூணைத் தாங்க ஆற்றுப் படுகையில் கிணறு போல இறக்குகிற அடித்தளத்தின் மேல்பகுதி. மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டியது, என் இடுப்பு உயரத்துக்கு வெளியே நின்றது.