பாதிப்பா, தாக்கமா?

'என்னைப் பாதித்த சிறுகதை' என்ற தலைப்பில் பேசவோ எழுதவோ சொன்னால் சிங்கப்பூரில் யாரும் விழிக்க மாட்டார்கள். என்ன கேட்கிறார்கள் என்று எல்லாருக்கும் புரியும். ஆனால் அதே சொல்தான் செய்தியில் 'டெங்கிப் பாதிப்பு' என்றும், 'ரயில் சேவை பாதிப்பு' என்றும் வருகிறது. கொசுவும் சிக்னல் கோளாறும் செய்கிற வேலையைத்தான் நல்ல கதையும் செய்கிறதா?

சொல்லின் பிறப்பைப் பார்த்தால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். வடமொழியில் வருத்துதல், நெருக்குதல், தடுத்தல் என்று பொருள்படும் ஒரு வேரிலிருந்து வந்தது 'பாதி'. இதைச் சொல்லும்போது 'பல்'லில் வரும் பகரம் வாயில் வருவதில்லை, 'பஸ்'ஸில் வருவதுதான் வருகிறது. பைரவர் நம் வாயில் வைரவர் ஆனதுபோல, இதே வேர் வகரம் ஏறி 'வாதை' என்றும் தமிழில் உண்டு. 'சாதக பாதகம்' என்கிறோமே, அந்தப் பாதகமும் இந்தக் குடும்பம்தான். ('அடப் பாதகா!' என்று திட்டுவது வேறு குடும்பம். அது பாவம் என்ற பொருளில் வந்தது.) ஆக, பாதிப்பு என்றாலே கேடு, துன்பம், இடைஞ்சல். இலக்கியப் பேச்சில் அது மனநெகிழ்ச்சிக்கும் ஆகிவந்தது ஆங்கில 'அஃபெக்ட்' வழியாக என்றே எனக்குத் தோன்றுகிறது. அங்கே நோய்க்கும் நெகிழ்ச்சிக்கும் ஒரே வினை.

நூலக அறை ஒன்றில் நடந்த கதைக் கலந்துரையாடலில் ஓர் இளைஞர் எழுந்து, "இந்தக் கதை என்னை ரொம்பப் பாதிச்சிருச்சு" என்றார். முன்வரிசைப் பெரியவர் திரும்பி, "பாலிகிளினிக்குல காட்டினீங்களா தம்பி?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

சரி, தமிழ்ச்சொல் எது? பலரும் சட்டென்று சொல்வது 'தாக்கம்'. தாக்கு என்ற வினையிலிருந்து வந்தது. பழைய சொல். 'பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்கிறது குறள் 486: சண்டைக்கடா முட்டுவதற்காகப் பின்வாங்குகிறது. அடி, மோதல் என்ற பொருள் இங்கே தெளிவு. அதே வள்ளுவர் 1082-ஆம் குறளில், காதலனின் பார்வைக்கு எதிர்பார்வை வீசும் பெண்ணைத் 'தாக்கணங்கு' தன் படையையும் கூட்டிக்கொண்டு வந்தாற்போல என்கிறார். தாக்கணங்கு என்றால் தானே தாக்கி வருத்தும் அணங்கு, அதாவது தெய்வப்பெண். ஒரு பார்வை மனத்தை அடிப்பதற்கும் 'தாக்கு' பொருந்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். இலங்கைப் பாடநூல்களில் வேதிவினையை 'இரசாயனத் தாக்கம்' என்பார்கள். பெரும்பாலும் இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்து இரண்டுமே மாறுவது. கதைக்கும் வாசகருக்கும் நடப்பதற்கு இது இன்னும் நெருக்கம் என்பேன்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. தாக்கம் பெயர்ச்சொல்லாக நிற்கும்வரை அழகு. வினையாக்கினால் கவிழ்ந்துவிடும். 'என்னைத் தாக்கிய சிறுகதை' என்று எழுதிப் பாருங்கள், யாரோ புத்தகத்தால் மண்டையில் போட்டதுபோல இருக்கும். அதனால் 'என்னுள் பெரும் தாக்கத்தை ஏற்படுத்தியது' என்று நீட்டுகிறார்கள். அது அறிக்கைத் தமிழ். 'பாதித்தது' ஒரே சொல்லில் வேலையை முடிப்பதால்தான், கேடு என்ற பொருள் ஒட்டியிருந்தும் வாசகர்கள் அதை விடுவதில்லை.

விடவும் முடியும். தமிழில் வினைகளுக்குப் பஞ்சமில்லை. அந்த இளைஞர் சொன்ன கதையையே எடுத்துக்கொள்வோம். பல வருடம் வீட்டோடு இருந்த பணிப்பெண் ஊர் திரும்புகிறாள். அவள் வளர்த்த பிள்ளை டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் 'பை' சொல்கிறது. அவள் வாசலில் குனிந்து அதன் பள்ளிக் காலணிகளை நேராக வைத்துவிட்டு மின்தூக்கிக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. இதில் அடியும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. இதற்குத் 'தைத்தது' என்பதே சரியான வினை. முள் தைத்தால் குத்துவதோடு நிற்காது, உள்ளேயே இருக்கும். கடைசி வரியில் தூக்கிவாரிப்போடும் கதை உலுக்கியது. நம் தவற்றைக் காட்டிக்கொண்டே இருக்கும் கதை உறுத்தியது. கண்ணை நிறைத்த கதை நெகிழ்த்தியது. எது நடந்தது என்று யோசித்தாலே சொல் வந்துவிடும்.

ஓர் எழுத்தாளரின் பாதிப்பு இன்னொருவரிடம் தெரிகிறது என்கிறார்களே, அங்கே 'சாயல்' போதும். செய்திக்கும் இதே கணக்குத்தான்: ரயில் சேவை தடைபட்டது, டெங்கி கண்டவர்கள் என்று எழுதலாம். அம்மை கண்டது என்று சொல்கிற வாய்க்கு இது புதிதல்ல.