தரவுப் பகுப்பாய்வு: சொல்லும் பயனும்

'டேட்டா அனலிட்டிக்ஸ்' என்று கேட்டதுமே, அது ஓசூர்த் தொழிற்சாலைக்காரர்களுக்கும் கணிப்பொறி படித்தவர்களுக்கும் உரியது என்று பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள். ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கும் அது உரியதுதான்.

'டேட்டா' லத்தீன் சொல். கொடுத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. 'டேட்டம்' என்றால் கொடுக்கப்பட்டது, அதன் பன்மை 'டேட்டா'. நம் 'தரவு' என்பதும் தருதலிலிருந்து வந்ததே. கலிப்பாவின் முதல் உறுப்பைத் தொல்காப்பியம் தரவு என்றே குறிக்கிறது. பழஞ்சொல் ஒன்று புதுப்பொருளுக்கு இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது அரிது. 'அனலிசிஸ்' கிரேக்கம்; கட்டவிழ்த்தல் என்று பொருள். தமிழில் பகுப்பும் ஆய்வும் சேர்ந்து பகுப்பாய்வு ஆயிற்று. கீரை ஆய்கிறோமே, அந்த ஆய்தல்தான் இதுவும்: வேண்டாததைக் கழித்து வேண்டியதை எடுப்பது. துறையைச் சொல்லும்போது 'பகுப்பாய்வியல்' என்றும், செயலைச் சொல்லும்போது 'பகுப்பாய்வு' என்றும் எழுதலாம். சிலர் 'புள்ளிவிவரம்' என்று எழுதிவிடுகிறார்கள், அது 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்'.

இனி மண்டிக்கு வருவோம். தேதி, விவசாயி பெயர், பெட்டி எண்ணிக்கை, ஏலம் போன விலை, கமிஷன் என்று சிட்டையில் ஏறுவதெல்லாம் தரவு. இரண்டு மூன்று ஆண்டுச் சிட்டைகளை அடுக்கி, எந்த மாதம் வரத்து கூடியது, எப்போது விலை சரிந்தது என்று பார்த்தால் நடந்தது தெரியும். அதே வாரம் மற்றத் தக்காளிச் சந்தைகளான பாலக்கோட்டிலும் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் காய் குவிந்ததா என்று ஒப்பிட்டால் காரணம் தெரியும்.

வரப்போவதை அறிவதுதான் கடினம். நாற்று நட்டு முதல் பறிப்புக்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மாதம் ஆகிறது. விலை ஏறியிருக்கும்போது பலரும் ஒரே நேரத்தில் நடுகிறார்கள், காயும் ஒரே நேரத்தில் மண்டிக்கு வந்து சேர்கிறது, விலை விழுகிறது. சாலையோரம் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகும் கொடுமை பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது. ஆகவே சிட்டைக்கு வெளியே இன்னொரு தரவு வேண்டும்: இந்த மாதம் சுற்றுவட்டார நாற்றுப் பண்ணைகளில் தக்காளி நாற்று எவ்வளவு விற்றது? அது தெரிந்தால் வெளியூர் வியாபாரிகளிடம் முன்கூட்டியே பேசலாம், லாரிக்குச் சொல்லிவைக்கலாம், இன்னும் நடாதவர்களிடம் பாதி நிலத்தில் வேறு பயிர் வைக்கச் சொல்லலாம். இப்படி ஒரு முடிவு மாறினால்தான் அதைத் தொழிலுக்கான பகுப்பாய்வு என்பேன். மாதந்தோறும் வண்ண வரைபடம் அச்சிட்டுக் கோப்பில் வைப்பதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

தரவு பிழையாக இருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. ஒரே விவசாயியின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தால் மூன்று பேராகக் கணக்கில் ஏறும். பெட்டிக்கு எத்தனை கிலோ என்று குறிக்காமல் விட்டால், பெட்டியின் அளவு மாறிய ஆண்டை முந்தைய ஆண்டோடு ஒப்பிடவே முடியாது. சிட்டையில் எடைக்கு ஒரு பத்தி சேர்க்கும் வேலையைக் கணிப்பொறி வாங்கும் முன்பே செய்துவிடலாம்.